இரண்டாம் தந்தியில் ஒரு காந்தாரம்

வாசகர் கேள்வி – பதில்

கிட்டார் எனக்குத் தொழில் அன்று. 1989-ஆம் ஆண்டு முதல், அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய மாலைகளில் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ வாசித்துவருகிறேன், மேடை ஏறியதில்லை. அந்த அனுபவத்தின் எல்லைக்குள் நின்றே இங்கே பதில் எழுதுகிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பல ஏதோ ஒரு வகையில் சுருதியைப் பற்றியே பேசுவதால் அவற்றுக்குக் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 54 வயதாகிறது, பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிறுவயதிலிருந்தே கிட்டார் கற்க ஆசை. வீட்டுப் பொறுப்புகள் இப்போதுதான் குறைந்திருக்கின்றன. இந்த வயதில் விரல்கள் வளையுமா? எந்தக் கிட்டார் வாங்குவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வளையும், அம்மா. வயது கூடும்போது விரல்கள் ஒரு புதிய அசைவைப் பழகிக்கொள்ளக் கூடுதல் நாள்கள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் 54 வயதில் இருக்கும் கேள்வி ஞானம் 14 வயதில் இருப்பதில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்டு வளர்ந்த காது, எந்த ஒலி பிசகுகிறது என்பதை விரலுக்கு உடனே சொல்லிவிடும். கற்பதில் பாதி வேலை அதுதான். விரல்களைப் பற்றிக் கவலைப்படும்போதெல்லாம் நான் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டை நினைத்துக்கொள்வேன். 1928-இல் அவர் வசித்த வண்டி தீப்பற்றியதில் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. எஞ்சிய விரல்களைக் கொண்டே அவர் ஐரோப்பிய ஜாஸ் கிட்டாரின் முதன்மைக் கலைஞரானார். நமக்கு அந்த உயரம் தேவையில்லை; ஆனால் கைக்கு எட்டுவதை வைத்து இசை செய்ய முடியும் என்பதை அவரைவிட உறுதியாக யாரும் காட்டவில்லை.

வாங்குவதென்றால் நைலான் தந்தி கட்டிய கிளாசிக்கல் கிட்டாரை வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் எஃகுத் தந்தி கட்டியதாக இருக்கும். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. நைலானில் அது சுமார் 40 கிலோதான். அந்த வேறுபாட்டை விரல் நுனி முதல் நாளிலேயே உணரும். நைலான் கிட்டாரின் கழுத்து அகலமாக இருப்பதால், பக்கத்துத் தந்தியில் விரல் இடிப்பதும் குறையும். (இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை இவ்வகைக் கிட்டாரின் மெல்லிய தந்திகளை விலங்குகளின் குடலிலிருந்துதான் செய்தார்கள், நைலான் வந்த பிறகே அவை இவ்வளவு மலிவாகவும் நீடித்து உழைப்பவையாகவும் ஆயின.) 12-ஆம் ஃபிரெட்டுக்கும் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) தந்திக்கும் இடையே 4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்தக் கிட்டாரை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிக்கும். பிறகு தோல் தடித்து வலி மறைந்துவிடும். மூட்டில் வலி வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் உட்காருவது நல்லது.

கேள்வி: ட்யூனர் செயலியைப் பார்த்து ஆறு தந்திகளையும் மிகச் சரியாகச் சேர்க்கிறேன். ஆனாலும் ஈ மேஜர் கார்டு (சில ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டு) வாசிக்கும்போது மூன்றாம் தந்தி உறுத்துகிறது. அதைச் சிறிது இறக்கினால் ஈ மேஜர் இனிக்கிறது. ஆனால் சி மேஜர் கெட்டுவிடுகிறது. தம்புராவை ஒலிக்கவிட்டு வாசித்தால் உறுத்தல் இன்னும் அதிகம். என் கிட்டார் பழுதா, என் காது பழுதா?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டும் பழுதில்லை. சொல்லப்போனால், உங்கள் காது நன்றாக இருப்பதால்தான் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்தாம் தந்தியில் (மிக மெல்லியதே முதல் தந்தி), நான்காம் ஃபிரெட்டுக்கு மேலே, அதைவிடச் சற்றே தலைப்பக்கமாக, விரலை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மீட்டி, உடனே விரலை எடுத்துவிடுங்கள். மணி போன்ற ஒலி எழும். கிட்டார் வாசிப்பவர்கள் அதை ஹார்மோனிக் என்பார்கள். அந்த ஒலி அடங்குவதற்குள் முதல் தந்தியின் ஒன்பதாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். பெயரளவில் இரண்டும் ஒரே ஸ்வரம். ஆனால் சேர்ந்து ஒலிக்கும்போது, நொடிக்கு நான்கு முறைக்குக் குறையாமல் ஓர் அலை ஏறி இறங்குவதைக் கேட்பீர்கள். ஹார்மோனிக்கின் அதிர்வெண் 550. ஃபிரெட் தருவது ஏறத்தாழ 554. முன்னது தந்தி தன் நீளத்தை ஐந்து சம பாகங்களாகப் பிரித்துக்கொண்டு தானாகத் தருவது. பின்னது மனிதர்கள் கணக்கிட்டுப் பதித்த உலோகக் கம்பி தருவது. தம்புராவில் காந்தாரத்துக்கென்று தந்தி இல்லாதபோதும் ஷட்ஜத்திலிருந்து தானே எழும் அந்தர காந்தாரத்தைச் சுயம்பு காந்தாரம் என்று நம் சங்கீதத்தில் அழைக்கிறோம் அல்லவா? உங்கள் ஐந்தாம் தந்தியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அதில் நீங்கள் கேட்ட மணியொலி அந்தச் சுயம்பு காந்தாரமேதான்.

அப்படியென்றால் ஃபிரெட்டை ஏன் அங்கேயே பதிக்கவில்லை? ஃபிரெட் என்பது ஆறு தந்திகளுக்கும் குறுக்கே செல்லும் ஒரே கம்பி. ஒரு சுருதிக்கு அந்தர காந்தாரமாக அமையும் இடம், இன்னொரு சுருதிக்குப் பஞ்சமமாகவோ நிஷாதமாகவோ அமைய வேண்டும். ஒன்றுக்குத் தூய்மையாக வைத்தால் மற்றொன்று கெடும். நீங்கள் மூன்றாம் தந்தியை இறக்கியபோது நடந்தது அதுதான். ஈ மேஜரில் அந்தத் தந்தி காந்தாரம், அதனால் இறக்கினால் இனிக்கிறது. சி மேஜரில் அதே தந்தி பஞ்சமம், அதனால் இறக்கினால் கசக்கிறது. இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி, ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரையிலான ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்துவிடுவது; ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு உயரும். லூட் என்னும் தந்தி வாத்தியத்தை வாசித்த வின்சென்சோ கலிலி (வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தை), 16-ஆம் நூற்றாண்டிலேயே 18-க்கு 17 என்னும் எளிய விகிதத்தில் ஃபிரெட்டுகளைப் பதிக்கச் சொன்னார். அதாவது மீதமுள்ள தந்தி நீளத்தில் 18-இல் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டே போவது. இன்று 18-க்குப் பதிலாக 17.817 என்ற எண்ணால் வகுக்கிறார்கள். 650 மில்லிமீட்டர் தந்தி நீளம் உள்ள கிளாசிக்கல் கிட்டாரில் முதல் ஃபிரெட் சுமார் 36.5 மில்லிமீட்டரில் வருவது இந்தக் கணக்கால்தான். இதில் பஞ்சமம் மிக மிகச் சிறிதளவே பிசகுகிறது, காதுக்குத் தெரிவதில்லை. அந்தர காந்தாரம்தான் தெரியும் அளவுக்கு ஏறிவிடுகிறது, 1.25 மடங்காக இருக்க வேண்டியது 1.26 மடங்காகிறது. எல்லாச் சுருதிகளிலும் வாசிக்கும் வசதிக்காகக் கிட்டார் கொடுத்த விலை, பெரும்பாலும் காந்தாரத்தில்தான் விழுந்திருக்கிறது.

இதை அறியாமல் நான் பல ஆண்டுகள் தவித்தேன். இரண்டு கிட்டார்களை மாற்றினேன். கடையில் குறை சொன்னேன். கடைசியில் ஒரு வயதான பழுதுபார்ப்பவர்தான், என் கிட்டாரை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இதில் எதையும் திருத்த வேண்டியதில்லை, எந்தக் கார்டு வாசிக்கப் போகிறாயோ அதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்’ என்றார். அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன். முதலில் செயலியைப் பார்த்துச் சேர்க்கிறேன். பிறகு செயலியை மூடிவிட்டு, வாசிக்கப்போகும் பாட்டின் முதன்மையான இரண்டு கார்டுகளை மாறி மாறி மீட்டி, இரண்டுக்கும் பொறுக்கும் இடத்தில் மூன்றாம் தந்தியையும் இரண்டாம் தந்தியையும் நிறுத்துகிறேன். சுருதி சேர்ப்பதை வாசிப்புக்கு முந்தைய வேலையாக நினைத்த காலம் போய், அதுவே என் மாலைப் பொழுதின் நல்ல பகுதியாகிவிட்டது. நாள் முழுவதும் அலுவலகத்தில் பேச்சையும் சத்தத்தையும் வாங்கிக்கொண்டு வந்த காது, அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது.

கேள்வி: நான்கு மாதமாகக் கற்கிறேன். எஃப் மேஜர் கார்டில் சுட்டுவிரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்த முடியவில்லை. பாதித் தந்திகள் ஊமையாகின்றன. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: விடாதீர்கள், முதலில் பிழை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். அதே கார்டு வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நகர்த்தி வாசித்துப் பாருங்கள். அங்கே எளிதாக ஒலித்து, முதல் ஃபிரெட்டில் மட்டும் மறுத்தால், குறை உங்கள் விரலில் இல்லை. தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் நட் என்னும் சிறு துண்டின் பள்ளங்கள் போதிய ஆழமாக இல்லை என்று பொருள். பழுதுபார்ப்பவர் சிறிது நேரத்தில் அரத்தால் சரிசெய்துவிடுவார். இதை அறியாமல் தங்களைத் தாங்களே நொந்துகொண்டு கிட்டாரை மூலையில் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்தியிருக்கிறேன்.

ஐந்தாம் ஃபிரெட்டிலும் வரவில்லையென்றால் கையைக் கவனியுங்கள். சுட்டுவிரலின் சதைப்பக்கம் படாமல், கட்டைவிரலை நோக்கிய எலும்புப் பக்கம் படும்படி விரலைச் சற்று உருட்டுங்கள். ஃபிரெட் கம்பியை ஒட்டி அழுத்துங்கள். கட்டைவிரலால் நெரிப்பதைக் குறைத்து, முன்கையின் எடை பின்னோக்கி இழுக்கும்படி விடுங்கள். சில வாரங்களுக்கு, சுட்டுவிரலால் முதல் இரண்டு தந்திகளை மட்டும் சேர்த்து அழுத்தும் சிறிய எஃப் கார்டிலேயே பாட்டுகளை வாசியுங்கள். பெரியது பின்னால் வந்து சேரும்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். எப்போது பார்த்தாலும் கையில் கிட்டார்தான். பொதுத்தேர்வு முடியும்வரை அதைப் பூட்டி வைத்துவிடலாம் என்று அவன் அப்பா சொல்கிறார். உங்கள் யோசனை என்ன?
– ஒரு தாய், சேலம்

பதில்: அம்மா, என் பன்னிரண்டாம் வகுப்பில் என் தந்தை அதைத்தான் செய்தார். யாரிடமோ கேட்டு வாங்கி வந்து நான் தட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய கிட்டாரைத் தம் வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டார். அவர் கோபக்காரர் அல்லர். மாதச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டிய கவலை அவருக்கு இருந்தது. எட்டு மாதம் கழித்து இறக்கியபோது, ஓட்டுக் கூரையின் வெப்பத்தில், தந்திகள் முழு இழுவிசையில் இருந்தபடியே கிடந்ததால், கழுத்து வளைந்துபோயிருந்தது. அந்த எட்டு மாதங்களில் நான் கூடுதலாகப் படிக்கவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மேசை விளிம்பில் விரல்களால் கார்டு பிடித்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதன்பின் இசையைப் பற்றி அப்பாவிடம் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் பணி ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மழை நாளில், ‘அதை எடுத்து ஏதாவது வாசியேன்’ என்று அவராகக் கேட்கும்வரை, எங்களுக்கிடையே இருபது ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

ஆகவே பூட்ட வேண்டாம். ஆனால் கட்டுப்பாடே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கிட்டாரை அவன் அறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் வையுங்கள். மாலையில் அரை மணி நேரம் என்று அவனையே பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். தேர்வு வரை புதிய பாட்டு எதையும் தொடங்காமல், தெரிந்தவற்றை மட்டும் வாசிக்கட்டும். புதியதைக் கற்பதுதான் மனத்தை நாள் முழுவதும் பிடித்துக்கொள்ளும், தெரிந்ததை வாசிப்பது களைப்பைத்தான் இறக்கும். அந்த அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடமாவது அவன் அப்பாவைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். இதை நான் மிகவும் அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் அக்கா கர்நாடக சங்கீதம் கற்றவர், 5½ கட்டையில் பாடுவார். அவருக்குக் கிட்டாரில் துணை வாசிக்க விரும்புகிறேன். கார்டு பிடித்தால் பாட்டு கெடுகிறது என்கிறார். எந்த ராகங்களுக்குக் கார்டு பொருந்தும்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் சுருதி. 5½ கட்டை என்பது ஜி ஷார்ப். முதல் ஃபிரெட்டில், எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கேப்போ என்னும் கவ்வியைப் பூட்டி, ஜி மேஜர் வடிவங்களைப் பிடித்தால் அக்காவின் ஷட்ஜத்தில் நிற்பீர்கள். 1½ கட்டையில் பாடும் ஆணுக்கு அதே கேப்போவை வைத்துச் சி மேஜர் வடிவங்களைப் பிடிக்கலாம்.

அடுத்து ராகம். அசைவு குறைந்த ஸ்வரங்கள் கொண்ட ராகங்கள் கார்டைப் பொறுத்துக்கொள்ளும். கேப்போவுக்கு மேல் ஜி-யை ஷட்ஜமாகக் கொண்டால், மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் ஜி மேஜர், ஈ மைனர் என்ற இரண்டு கார்டுகள் மட்டுமே முழுமையாக அடங்கும். ஹம்ஸத்வனிக்குள் ஜி மேஜர், பி மைனர், டி மேஜர் என்ற மூன்று. அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். ராகத்தில் இல்லாத ஒரு ஸ்வரம் கார்டின் உள்ளே ஒளிந்துகொண்டு வந்தாலும் பாடுபவரின் காது அதைக் கண்டுபிடித்துவிடும். தோடி போன்ற ராகத்தில் வேண்டவே வேண்டாம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அகலமாக அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உருவம். நிற்காத ஸ்வரத்தின் கீழே நிற்கும் கார்டை வைத்தால், ஓடும் ஆற்றில் முளை அடித்தது போல ஆகிவிடும்.

ஸ்வரத்தை அசைத்து ஒலிக்கும் கமகத்தைக் கிட்டாரிலேயே வாசிக்க முடியாதா என்றால், முடியும். வீணையில் ஃபிரெட்டுக்கு இணையான 24 மெட்டுகளும் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால், ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பல ஸ்வரங்களை எட்ட முடிகிறது. கிட்டாரில் ஃபிரெட்டுகள் தாழ்வாக இருப்பதால், கர்நாடக இசை வாசிப்போர் சிலர் ஃபிரெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிக்கொள்கிறார்கள். மேலை நாட்டிலிருந்து வந்த ஃபிரெட் வாத்தியத்தில் நம் கமகம் முழுமையாக வரும் என்பதை மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சிறு பிள்ளையாக இருக்கும்போதே நிறுவிவிட்டார். ஆனால் அது ஒரு வாழ்நாள் சாதகம். மாலை நேரத்து அரை மணியில் நான் அதை எட்டவில்லை.

நான் எட்டியது வேறொன்று. என் அம்மா நன்றாகப் பாடுவார். சபைகளில் அல்ல, விளக்கு வைத்தபின் திண்ணையில். கார்டுகள் ஓரளவு கைவந்த புதிதில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு விடும் இடங்களையெல்லாம் என் விரல்களால் நிரப்பினேன். ஒரு நாள் அனுபல்லவியில் நிறுத்திவிட்டு, ‘கொஞ்சம் சும்மா இரேன்ப்பா, எனக்கு நான் பாடுறதே கேக்கலை’ என்றார். முகம் சிவந்துபோனது எனக்கு. மறுநாள் கேப்போவைப் போட்டு, ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்த இரண்டு தந்திகளை மட்டும், வரிக்கு ஒருமுறை மெதுவாக மீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வழக்கமாக இரண்டு பாட்டோடு எழுந்துவிடுபவர் அன்று ஐந்து பாட்டுப் பாடினார். மீட்டிய தந்தியை உள்ளங்கையால் தொட்டு அடக்குவதும் வாசிப்பின் பகுதி என்பதை எந்த ஆசிரியரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. உங்கள் அக்காவோடு ஒரு மாதம் அப்படித் தொடங்குங்கள். அதன்பின் ஒரு பாட்டுக்கு ஒரு கார்டு என்று, அவர் தலையசைக்கும் இடங்களில் மட்டும், சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: கடற்கரை ஊர். மாதம் ஒருமுறை தந்தி துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை அது. வாசிக்கும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். வாசித்த பின் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட பெட்டிக்குள் வையுங்கள். மேற்பூச்சு உள்ள தந்திகள் விலை கூடுதலானாலும் உங்கள் ஊருக்கு இலாபமே. தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். அது தூசியைச் சேர்த்து ஒலியை மந்தமாக்கிவிடும்.

கேள்வி: என் கணவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இளமையில் வாங்கிய எஃகுத் தந்திக் கிட்டார் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. சிறுமியாக இருந்தபோது சில ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றேன், அவ்வளவுதான். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். விரல் பிடித்துக் கற்றுக்கொள்ளும் தெம்பு எனக்கு இல்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் பிறகு முடிவு செய்யலாம், அம்மா. அதற்கு முன் அதை ஒருமுறை ஒலிக்கச் செய்துவிடலாம். விரல் பிடிக்கத் தெரியாமலே அதைச் செய்ய முடியும்.

ஆறு ஆண்டுகளாகத் தந்திகள் இழுவிசையிலேயே இருந்திருக்கின்றன. எடுத்தவுடன் மீட்டாதீர்கள், பழைய எஃகுத் தந்தி அறுந்தால் கையையோ கண்ணையோ தாக்கலாம். ஆறு முறுக்காணிகளையும் ஒவ்வொன்றாக, ஒரு சுற்று, ஒரு சுற்று என்று மாறி மாறித் தளர்த்துங்கள். பிறகு பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பாலம் என்னும் துண்டு மரத்திலிருந்து பெயர்ந்திருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய ரகத் தந்திகளைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய தந்திகளை எறிந்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கடைசியாக அவர் கை பட்டவை அவை.

கட்டிய பின், வழக்கமான சுருதியில் சேர்த்துத் தரச் சொல்லி, மூன்று தந்திகளை மட்டும் இறக்கச் சொல்லுங்கள்: ஆறாவதையும் முதலாவதையும் ஈ-யிலிருந்து டி-க்கும், ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும். எதையும் ஏற்றுவதில்லை, இறக்குவதுதான். ஆகவே பழைய மரத்துக்குச் சுமை கூடாது. இப்போது எந்த விரலையும் எங்கும் வைக்காமல், ஐந்தாம் தந்தியிலிருந்து கீழ்நோக்கி மீட்டினால், ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம் என்று ஒலிக்கும். இது 5 கட்டைச் சுருதி. பெண்கள் பலருக்கு இயல்பாக அமைவது. உங்களுக்கு 5½ ஆனால் முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போ போதும். நீங்கள் சிறுமியாக இருந்தபோது கற்ற சரளி வரிசை மாயாமாளவகௌளையில் அமைந்தது. அதன் காந்தாரமும் இதே அந்தர காந்தாரம்தான். ஆகவே அதைப் பாட இந்தக் கிட்டார் ஆயத்தமாக இருக்கும். அந்தர காந்தாரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் சாதாரண காந்தாரம் வரும் ராகங்களைப் பாடும்போது மட்டும் இரண்டாம் தந்தியின் மேல் விரலைத் தொட்டு ஊமையாக்கிவிடுங்கள்.

ஒரு வேலையை மட்டும் நீங்களே செய்ய வேண்டும். திருச்சிராப்பள்ளி வாசகருக்கு மேலே எழுதியதைப் படித்திருப்பீர்கள்: கிட்டாரின் காந்தாரம் தூய்மையிலிருந்து சற்று ஏறியே இருக்கும், ஃபிரெட்டுகள் காரணமாக. உங்கள் கிட்டாரில் எந்த ஃபிரெட்டையும் நீங்கள் அழுத்தப் போவதில்லை. ஆகவே அந்த விட்டுக்கொடுத்தல் உங்களுக்குத் தேவையில்லை. வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், ஐந்தாம் தந்தியையும் இரண்டாம் தந்தியையும் சேர்த்து மீட்டுங்கள். உள்ளே ஓர் அலை விரைவாக ஏறி இறங்கும். இரண்டாம் தந்தியின் முறுக்காணியை மயிரிழை அளவு தளர்த்துங்கள், அலை மெதுவாகும். இன்னும் மயிரிழை அளவு. அலை நீண்டு, நீண்டு, ஓரிடத்தில் முற்றிலும் நின்றுபோகும். அந்த இடத்தில் முறுக்காணியிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை கட்டைவிரலால் ஒருமுறை மெதுவாக வருடி, ஒலி அடங்கும்வரை இருங்கள். பிறகு ஷட்ஜத்தில் தொடங்கிப் பாடுங்கள்.